மலைச்சரிவில் கொட்டை அறுவடை இயந்திரம் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகச் சரிபார்ப்பது எப்படி

சமதளத் தோப்பில் ஒழுங்காக ஓடும் இயந்திரம் சரிவில் ஏறியதும் குணம் மாறிவிடும். எஞ்சின் ஆயிலும் பெட்ரோலும் ஒரு பக்கமாக ஒதுங்கும். பாரம் கீழ்ப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். உதிர்ந்த கொட்டை விழுந்த இடத்தில் நிற்காது. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது சரிவில் மட்டும் வருகிறதா, சமதளத்திலும் வருகிறதா? மட்டமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஸ்பேனரை எடுப்பது அதற்கு அப்புறம். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராகக் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கோளாறு அங்கே இருப்பது குறைவு.

கீழே வருபவை கிளையைப் பிடித்து ஆட்டும் கொக்கி ஷேக்கர், தண்டைக் கவ்வி உலுக்கும் டிரங்க் ஷேக்கர், தரையில் கிடக்கும் கொட்டையை இழுக்கும் வேக்யூம், இவற்றைச் சுமக்கும் டிராக் வண்டி (சக்கரங்களைச் சுற்றிய பட்டையில் ஓடுவது) ஆகியவற்றுக்கானவை. வால்நட், ஹேசல்நட், பாதாம், செஸ்ட்நட், மக்காடமியா என்று எந்த மரமானாலும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

கை வைக்கும் முன் எஞ்சினை நிறுத்துங்கள், பெட்ரோல் எஞ்சின் என்றால் பிளக் வயரை எடுத்துவிடுங்கள். கீழ்ப்பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள். ஹைட்ராலிக் கையைத் தரையில் இறக்கி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். இயந்திரத்துக்குக் கீழ்ப்புறம் யாரும் நிற்கக் கூடாது. பழுது பார்ப்பவருக்கும் இது பொருந்தும்.

## எஞ்சின் சமதளத்தில் ஓடுகிறது, சரிவில் நின்றுவிடுகிறது

எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

### சுவிட்சைத் தட்டியது போலச் சட்டென்று நின்றால்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் குறைந்தால் தானாக நிறுத்தும் சென்சார் பலவற்றில் உண்டு. சரிவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது, அளவு சரியாக இருந்தாலும், சென்சாருக்கு ஆயில் இல்லாதது போலத் தெரியும். மட்டமான இடத்தில் நிறுத்திச் சில நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு கொஞ்சம் குறைந்திருந்தாலும் மேல் கோடு வரை ஊற்றுங்கள். அதற்கு மேல் போகக் கூடாது.

அளவு சரி, இன்னும் நிற்கிறது என்றால் சாய்வு அந்த எஞ்சினின் வரம்பைத் தாண்டியிருக்கலாம். வரம்பு கையேட்டில் இருக்கும். இயந்திரத்தை எதிர்த்திசையில் திருப்பி வைத்துப் பாருங்கள். சென்சார் இருக்கும் பக்கம் கீழே வந்தால் நிற்காமல் ஓடும். அப்படி ஓடினாலும் சாய்வு வரம்புக்குள் இருந்தால்தான் அங்கே வேலை செய்யலாம். இல்லையென்றால் எஞ்சினை மட்டமாக உட்கார வைக்கும் மேடை வேண்டும், அல்லது நீளமான ஹோஸ் போட்டு இயந்திரத்தை மட்டமான பாதையிலேயே நிறுத்த வேண்டும்.

சென்சார் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டலாம் என்று யோசனை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். சிறிய எஞ்சின்களில் பெரும்பாலும் ஆயில் பம்ப் கிடையாது. உள்ளே சுற்றும் பாகம் ஆயிலை வாரி இறைப்பதுதான் உயவு. ஆயில் எட்டாத சாய்வில் ஓடினால் கனெக்டிங் ராடு பிடித்துக்கொள்ளும். அதற்கு அப்புறம் எஞ்சினையே மாற்ற வேண்டியதுதான்.

### இருமி இருமி, வேகம் குறைந்து நின்றால்

இது எரிபொருள் பக்கம். டேங்க் பாதிக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். சாய்வில் எரிபொருள் ஒரு மூலைக்குப் போய், வெளியேறும் துளை காற்றில் நிற்கும். சரிவு வேலையில் டேங்க்கைப் பாதிக்குமேல் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு நின்று, சற்றுப் பொறுத்தால் மறுபடி ஓடுகிறதா? டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும். நின்றவுடன் மூடியைத் தளர்த்துங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் அதுதான். துளையைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது மூடியை மாற்றுங்கள்.

கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து வந்தால் மிதவை வைத்த கார்புரேட்டர் சாய்வில் வழிகிறது. மட்டத்தில் அது அடங்கிவிட்டால் கார்புரேட்டரில் குற்றமில்லை. மட்டத்திலும் வழிந்தால் மிதவையையும் ஊசி வால்வையும் பார்க்க வேண்டும். கொக்கி ஷேக்கரில் இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கார்புரேட்டருக்கு இந்தச் சாய்வுப் பிரச்சினை கிடையாது. எப்படிப் பிடித்தாலும் ஓடும்படி செய்யப்பட்டது அது.

### நீலம் கலந்த வெள்ளைப் புகை, அல்லது ஸ்டார்ட் செய்யும் கயிறே இழுபடவில்லை

சரிவில் தவறான பக்கம் சாய்த்து நிறுத்தியிருந்தால் ஆயில் சிலிண்டருக்குள் போயிருக்கும். கயிறு கல்லாக நின்றால் பலம் போட்டு இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, துளையின் மேல் துணியைப் போட்டு, மெதுவாகச் சிலமுறை இழுத்து ஆயிலை வெளியேற்றுங்கள். ஏர் ஃபில்டரில் ஆயில் ஊறியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு கொஞ்ச நேரம் புகை வருவது இயல்புதான். புகை அடங்கவே இல்லையென்றாலும், உள்ளே தட்டும் சத்தம் வந்தாலும், வடித்த ஆயிலில் உலோகத் துகள் மினுங்கினாலும் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## கொக்கி ஷேக்கர் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் வேகம் எடுக்கவில்லை

எளிதான காரணத்திலிருந்து போவோம்.

எரிபொருள் முதலில். ஆயில் கலந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன பெட்ரோல் என்றால் வடித்துவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், 25:1 என்றால் 40 மி.லி. எது என்பதை உங்கள் இயந்திரத்தின் கையேடு சொல்லும். கண்ணளவில் ஊற்றுவது வேண்டாம்.

அடுத்து ஏர் ஃபில்டர். காய்ந்த இலைத்தூசியில் வேலை செய்யும்போது ஒரே நாளில் அடைத்துவிடும். அதற்கடுத்து சைலன்சருக்குள் இருக்கும் தீப்பொறி தடுப்பு வலை. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கரி படிந்து அடைத்தால் எஞ்சின் ஐடிலில் நன்றாக ஓடும். ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் மூச்சு முட்டும். கழற்றிப் பித்தளை பிரஷால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். வலை இல்லாமலே ஓட்டுவது காய்ந்த சருகு நிறைந்த தோப்பில் தீயைக் கூப்பிடும் வேலை.

பிறகு டேங்க்குக்குள் இருக்கும் எரிபொருள் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். பிளக் இடைவெளி இந்த வகை எஞ்சின்களில் பொதுவாக 0.5 முதல் 0.7 மி.மீ.க்குள் இருக்கும். இவை எல்லாம் சரி என்றால் கார்புரேட்டர் டயாஃப்ரம். கடைசியாக சைலன்சரைக் கழற்றி, புகைத்துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இல்லாமல் நெடுக்குக் கீறல்கள் தெரிந்தால் அதற்கு மேல் கடைக்காரர் வேலை.

எஞ்சின் வேகம் எடுக்கிறது, கொக்கி மட்டும் ஆடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும். நேர்மாறாக, ஐடிலிலேயே கொக்கி ஆடினால் ஐடில் வேகத்தைக் குறையுங்கள். குறைத்தும் நிற்கவில்லை என்றால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கிறது. ஆடும் கொக்கியோடு சரிவில் நடக்கக் கூடாது. அந்த இயந்திரம் அன்றைக்கு வேலைக்கு வேண்டாம்.

## உலுக்கியும் கொட்டை விழவில்லை

இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன் மரத்தைப் பாருங்கள். வால்நட்டில் பச்சைத் தோல் பிளந்திருக்கிறதா? சில கொட்டைகளை உடைத்து, பருப்புப் பாதிகளுக்கு இடையே உள்ள சவ்வு பழுப்பாகிவிட்டதா பாருங்கள். ஹேசல்நட் என்றால் உறைக்குள் கொட்டை விரலால் திருப்பச் சுழல வேண்டும். ஒரே சரிவில் மேல் வரிசையும் கீழ் வரிசையும், வெயில் படும் பக்கமும் படாத பக்கமும் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகவே ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு மொத்தத் தோப்பையும் முடிவு செய்யாதீர்கள்.

முற்றியிருக்கிறது, இருந்தும் விழவில்லை என்றால் கொக்கி எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். கிளை நுனிக்குப் பக்கம் பிடித்தால் நுனி மட்டும் ஆடும். அடிக்கு மிகப் பக்கம் பிடித்தால் கிளையே அசையாது. இடையில் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். கிளையை இழுக்கும் திசையும் கொக்கிக் கம்பியின் திசையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சரிவில் மரத்தின் மேல்பக்கம் நின்றால் கிளைகள் கைக்கு எட்டும் உயரத்துக்கு வரும். நிற்கும் இடம் உறுதியாக இருந்தால் மட்டும் அப்படி நில்லுங்கள். நீண்டு தொங்கும் மெல்லிய கிளைகள் அதிர்வை விழுங்கிவிடும். அதற்கு மருந்து கவாத்துதான், இயந்திரத்தில் இல்லை.

டிரங்க் ஷேக்கரில் கவ்வி தண்டில் நழுவுகிறதா என்று கவனியுங்கள். நழுவவில்லை, ஆட்டம் மந்தமாக இருக்கிறது என்றால் ஹைட்ராலிக் பகுதிக்குப் போங்கள். விழாத கொட்டைக்காக நீண்ட நேரம் உலுக்குவதில் பயனில்லை. விழ வேண்டியதில் பெரும்பகுதி முதல் சில வினாடிகளிலேயே விழுந்துவிடும். மிச்சத்துக்குச் சில நாள் கழித்து இன்னொரு சுற்று வரலாம்.

## கவ்விய இடத்தில் பட்டை உரிகிறது

உடனே நிறுத்துங்கள். அடுத்த மரத்தில் சரியாகிவிடும் என்று போகக் கூடாது.

சரிவில் இதற்கு முதல் காரணம் கோணம். வண்டி சாய்ந்து நிற்கும், மரம் நேராக நிற்கும், கவ்வி தண்டைக் குறுக்காகப் பிடிக்காமல் கோணலாகப் பிடிக்கும். பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பட்டை மேலும் கீழும் இழுபடும். கவ்வி தண்டுக்குச் செங்குத்தாக வரும்வரை வண்டியை நகர்த்துங்கள், கையைச் சாயுங்கள். அப்படி வைக்கவே முடியாத மரத்தைக் கொக்கி ஷேக்கருக்கு விட்டுவிடுங்கள்.

கோணம் சரி என்றால்:

- மண்ணில் ஈரம் அதிகமா, அண்மையில் பாசனம் நடந்ததா பாருங்கள். அப்போது பட்டை இளகி, லேசாக வழுகும். பாசனத்தை நிறுத்திப் பட்டை இறுகும்வரை பொறுங்கள்.
- கவ்வியின் ரப்பர் பேட் வெயிலில் இறுகிப்போயிருக்கலாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் மாற்றுங்கள்.
- பேடுக்கும் அதன் மேலுறைக்கும் இடையே பூசும் மசகு காய்ந்திருக்கலாம். உரசல் மேலுறைக்குள்ளேயே தீர்ந்துபோக வேண்டும், பட்டைக்கு வரக் கூடாது.
- பிடிமான அழுத்தம் கையேட்டில் சொன்னதைவிடக் கூடுதலா, குறைவா என்று பாருங்கள். குறைந்தாலும் நழுவி உரிக்கும்.

உரிந்த இடத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பாதாம் மரத்தில் புதுக்காயத்துக்கு வரும் வண்டுகளும் பழ ஈக்களும் செரட்டோசிஸ்டிஸ் பூஞ்சையைக் கொண்டுவரும். அது தண்டிலேயே புண்ணாக வளரும். தண்டின் சுற்றளவில் பாதிக்குப் பக்கமாக உரிந்திருந்தால் தோட்டக்கலை நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

## வேக்யூம் இழுவை குறைந்துவிட்டது

கோளாறு இயந்திரத்திலா ஹோஸிலா என்று முதலில் பிரியுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஹோஸை இயந்திரத்தின் வாயிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒரு பலகைத் துண்டை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். கையை நீட்ட வேண்டாம்.

### இயந்திரத்தின் வாயில் இழுவை நன்றாக இருந்தால்

குறை ஹோஸில். மடிந்திருக்கிறதா, நடுவில் ஈரச் சருகு உருண்டு அடைத்திருக்கிறதா, கல் உரசி ஓட்டை விழுந்திருக்கிறதா பாருங்கள். ஓட்டையை நல்ல டேப் சுற்றி அன்றைய வேலையை முடிக்கலாம். ஹோஸின் உட்சுவர் பிரிந்து தொங்கினால் மாற்றத்தான் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார்க்க வேண்டும்.

எதுவும் இல்லையா? ஹோஸ் போகும் திசையைப் பாருங்கள். இயந்திரம் மேலே, ஆள் கீழே என்றால் ஒவ்வொரு கொட்டையையும் சரிவில் தூக்க வேண்டியிருக்கிறது. நீளமும் கூடினால் இழுவை தாங்காது. இயந்திரத்தைக் கீழ்ப்பாதையில் நிறுத்தி ஹோஸை மேலே கொண்டுபோனால் கொட்டை இறங்கி வரும். இயந்திரத்துக்குக் கீழே ஆள் நிற்கும் ஆபத்தும் அதோடு போய்விடும்.

### வாயிலேயே இழுவை இல்லை என்றால்

சேகரிப்புப் பெட்டிக் கதவின் ரப்பர் பட்டையிலிருந்து தொடங்குங்கள். அதில் ஒரு குச்சி மாட்டியிருந்தாலே போதும், காற்று அந்த வழியாகப் போய்விடும். பிறகு காற்று வெளியேறும் வலை: இலைத்தூள் அப்பியிருக்கும், தட்டி எடுங்கள். அடுத்து பெல்ட். சுமை ஏறும்போது கீச்சென்று கத்தினால் அல்லது ரப்பர் கருகும் வாடை வந்தால் இறுக்குங்கள். பளபளவென்று தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். எஞ்சின் வேகம் குறிப்பிட்ட அளவுக்கு வருகிறதா என்பதையும் பாருங்கள்.

கடைசியில் விசிறியின் இறகு. மணலும் கல்லும் பட்டு இறகு விளிம்பு தேய்ந்தால் இழுவை மெல்ல மெல்லக் குறையும். ஒரு நாளில் திடீரென்று குறைந்தால் இது காரணமாக இருக்காது. இழுவைக் குறைவோடு அதிர்வும் சேர்ந்தால் இறகு உடைந்திருக்கலாம், அல்லது பேரிங் போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டாதீர்கள். விசிறியைக் கழற்றிச் சமநிலை பார்ப்பது பட்டறை வேலை.

## கொட்டையோடு கல்லும் மண்ணும் வருகின்றன

பெரும்பாலும் தரைத் தயாரிப்புக் குறை. உலுக்குவதற்கு முன்பே புல்லை ஒட்ட வெட்டி, முன்னால் விழுந்த சொத்தைக் கொட்டைகளையும் சருகையும் ஊதித் தள்ளியிருக்க வேண்டும். அது முடிந்திருந்தால் இழுவாயைத் தரையிலிருந்து சற்று உயர்த்துங்கள், விசிறி வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். மழை பெய்த மறுநாள் மண் வரத்தான் செய்யும், காய விடுங்கள்.

## கொட்டை உடைந்து வருகிறது

உடைவது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கை கொட்டை எடுத்துப் பாருங்கள்: தரையில், இழுவாய்க்கு உள்ளே, பெட்டியில், பெட்டியிலிருந்து கொட்டிய பிறகு. தரையிலேயே உடைந்திருந்தால் வண்டிச் சக்கரம் ஏறியிருக்கிறது, பாதையை மாற்றுங்கள். பெட்டியில் உடைந்திருந்தால் கொட்டை வெறும் இரும்பில் மோதுகிறது. மோதும் இடத்தில் ரப்பர் தகடு ஒட்டுங்கள், வேகத்தைக் குறையுங்கள். காலிப் பெட்டியில் விழும் முதல் கொட்டைகள்தான் அதிகம் உடையும், அதனால் அடியில் கொஞ்சம் விட்டுவிட்டுக் கொட்டலாம். திருகு உருளையோ சங்கிலியோ இருக்கும் இயந்திரத்தில் இடைவெளி தேய்ந்து, கொட்டை நடுவே சிக்கி நசுங்கும். அதைச் சரிசெய்யும் அளவு கையேட்டில் இல்லையென்றால் விற்றவரைக் கேளுங்கள்.

## விழுந்த கொட்டை சரிவில் உருண்டு ஓடுகிறது

இது இயந்திரக் கோளாறு இல்லை, ஆனாலும் அதிகம் கேட்கப்படுவது இதுதான். வரிசைக்குக் கீழ்ப்புறம், சரிவுக்குக் குறுக்காக வலையை முழங்கால் உயரத்துக்குக் கட்டி, அதன் அடியைத் தரையோடு முளை அடித்துப் பொருத்துங்கள். அடியில் இடைவெளி விட்டால் வலை கட்டியும் பயனில்லை. வேலையை மேல் வரிசையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கீழிருந்து தொடங்கினால் பொறுக்கி முடித்த தரையில் மேலேயுள்ள கொட்டை மறுபடி வந்து விழும். ஊதியால் தள்ளும்போதும் மேலிருந்து கீழே, வலையை நோக்கியே தள்ளுங்கள். சரிவுக்கு எதிராக ஊதுவது எரிபொருள் வீண்.

## ஹைட்ராலிக் கத்துகிறது, கை தொய்கிறது, ஆட்டம் மந்தம்

சரிவில் மட்டும் பம்ப் ஊளையிட்டால் டேங்க்கில் எண்ணெய் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கிறது. சிலிண்டர்களை எல்லாம் உள்ளே இழுத்து, மட்டத்தில் நிறுத்தி அளவைப் பாருங்கள். எண்ணெயில் குமிழி என்றால் காற்று. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர். காற்று என்றால் டேங்க்குக்கும் பம்ப்புக்கும் இடையிலுள்ள ஹோஸ் கிளாம்ப்களை இறுக்குங்கள். தண்ணீர் என்றால் எண்ணெயை முழுதாக மாற்ற வேண்டும்.

மட்டத்திலும் மந்தம் என்றால் ஃபில்டர், பிறகு எண்ணெய்ச் சூடு. காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்குமேல் மந்தமானால் குளிர்விப்பானின் இடுக்குகளில் தூசி அடைத்திருக்கும். ஊதிவிடுங்கள்.

கசிவைத் தேட விரலை வைக்காதீர்கள். ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அது உடனடி அறுவை சிகிச்சைக்கு உரிய அவசரம். அட்டைத் துண்டை ஹோஸ் நெடுகப் பிடித்துப் பாருங்கள், எண்ணெய் பட்டால் அட்டை நனையும். நிறுத்திய பிறகும் கை தானாக இறங்கினாலும், அழுத்த வால்வைத் திருப்ப வேண்டும் என்று தோன்றினாலும் ஹைட்ராலிக் ஆளைக் கூப்பிடுங்கள்.

## வண்டி நழுவுகிறது, டிராக் கழல்கிறது

டிராக் கழல்வதற்குத் தளர்ச்சியும் உருளைகளுக்கு இடையே மாட்டும் கொட்டையும் கல்லும்தான் முதல் காரணங்கள். சுத்தம் செய்து, கையேட்டின்படி இறுக்குங்கள். கிரீஸ் அழுத்தத்தில் இறுகும் வகையைத் தளர்த்தும்போது வால்வை மெதுவாகத் திருகுங்கள், முகத்தை நேரே வைக்காதீர்கள். இறுக்கியும் கழன்றால் ஓட்டும் விதத்தைப் பாருங்கள்: சரிவுக்குக் குறுக்காகப் போவதும், சரிவின் நடுவில் திரும்புவதும் டிராக்கைப் பக்கவாட்டில் தள்ளும். நேராக ஏறி நேராக இறங்கி, மட்டத்தில் திரும்புங்கள். பெட்டியை நிரப்பிக்கொண்டு ஏறுவதும் வேண்டாம். பாரம் மேலே போனால் கவிழும்.

பிரேக் பிடிக்கவில்லை, நிறுத்தியும் வண்டி ஊர்கிறது என்றால் சோதனை எதுவும் கிடையாது. முட்டுக்கட்டை வைத்துவிட்டு நேராக மெக்கானிக்தான். கவிழ்ந்து எழுப்பிய வண்டியில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் வளைந்திருந்தால் அதை நிமிர்த்தி வெல்டு வைக்கக் கூடாது, மாற்ற வேண்டும்.

## மெக்கானிக் வரும்வரை கொட்டை தரையில் கிடக்கிறது

இருக்கும் ஆட்களை வைத்துக் கையால் பொறுக்கத் தொடங்குங்கள். ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். வால்நட்டில் பருப்பின் நிறம் கறுக்கும். பிஸ்தாவின் மேல்தோலை ஒரு நாளுக்குள் உரிக்காவிட்டால் ஓட்டில் கறை விழும். சீக்கிரம் காய வைக்கிறேன் என்று வால்நட் உலர்த்தியின் சூட்டை 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றாதீர்கள், பருப்பின் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வரும். ஈரம் 8 சதவீதத்துக்கு வந்ததும் எடுத்துவிடலாம். பொறுக்குவதைச் சரிவின் அடியில், தண்ணீர் வடிந்து நிற்கும் பள்ளங்களில் தொடங்குங்கள். உருண்ட கொட்டை சேர்வதும் அங்கேதான், முதலில் கெடுவதும் அங்கேதான். மேட்டில் வெயில் படும் இடத்தில் கிடப்பது இன்னும் ஒரு நாள் தாங்கும்.